கடைசி நாளின் கடைசிப் பறத்தல்: பாராகிளைடிங் பயணம் முடிந்து வீடு திரும்பியதில் ஒரு நிகழ்வு ஆய்வு

விபத்து என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை. யாருக்கும் அடிபடவில்லை, யாரும் மரத்தில் தொங்கவில்லை. பயிற்சிச் சரிவு ஒன்றில் பறக்கத் தயாராக நின்ற பைலட்டின் ஹார்னஸை, அதாவது அவர் உட்கார்ந்து பறக்கும் இருக்கைக் கட்டை, பக்கத்தில் நின்றவர் தற்செயலாகப் பார்த்தார். ஆபத்துக்கு என்று வைத்திருக்கும் ரிசர்வ் பாராசூட்டின் கைப்பிடி ஒரு பக்கம் லேசாகத் துருத்திக்கொண்டிருந்தது. மூடியை விலக்கிப் பார்த்தபோது, பாராசூட் உறையைப் பூட்டி வைக்கும் இரண்டு மஞ்சள் பின்களில் ஒன்று வளையத்தின் விளிம்பில் நுனி மட்டும் பட்டுக்கொண்டு நின்றது. உட்கார்ந்து எழுந்தாலே கழன்றிருக்கும்.

அதற்குக் கால் மணி நேரம் முன்பு அதே பைலட் விங்கை (தலைக்கு மேல் விரியும் துணி இறக்கையை) இரண்டு முறை தூக்கிப் பார்த்திருந்தார். இரண்டு முறையும் அது தலைக்கு மேலே ஏறி வராமல் முதுகுக்குப் பின்னாலேயே சோம்பிக் கிடந்தது. காற்று போதவில்லை என்று நினைத்துக்கொண்டார். பக்கத்தில் மற்றவர்களின் விங்குகள் அதே காற்றில் ஒழுங்காக எழும்பிக்கொண்டிருந்தன.

பூட்டுப் பின் நழுவியதற்கும் விங் பின்தங்கியதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் பறந்த பாதையைக் குறித்து வைக்கும் பைலட்டின் ஐஜிசி பதிவு, உடன் போனவர்களின் பதிவுகள், கைபேசிப் படங்கள், சாமான் சீட்டுகள், பழுதுபார்க்கும் பட்டறையின் அறிக்கை எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேருகின்றன. அதற்கு ஐந்து வாரம் முன்பு, வெளிநாட்டுப் பயணத்தின் கடைசி நாள் மாலைக்கு. பைலட்டின் பெயரையும் பறந்த இடத்தின் பெயரையும் அவர் கேட்டுக்கொண்டபடி விட்டுவிடுகிறேன். ஆல்ப்ஸ் மலையில் ஒரு பள்ளத்தாக்கு, செப்டம்பர் மூன்றாம் வாரம், நான்கு பேர் கொண்ட குழு. அது போதும்.

திட்டம் எப்படி நகர்ந்தது

மறுநாள் காலை 6.40-க்கு விமானம். விமான நிலையம் மூன்று மணி நேரக் கார் பயணத்தில். முந்தின இரவு போட்ட திட்டம் நல்ல திட்டம்தான். முற்பகலில் பறந்து, ஒரு மணிக்குள் இறங்கி, வெயிலில் விங்கை விரித்து ஆற விட்டு, சாவகாசமாகப் பை கட்டி, மூன்று மணிக்குக் கிளம்புவது.

காலையில் டேக்-ஆஃப் மேட்டை மேகம் மூடிக்கொண்டது. பன்னிரண்டு மணிக்குத்தான் விலகியது. அதற்குள் பள்ளத்தாக்குக் காற்று எழும்பிவிட்டது. பெரிய மலைத்தொடர்களில் இது நாள்தோறும் நடப்பது: வெயிலில் சரிவுகள் சூடேறி காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்ப சமவெளியிலிருந்து பள்ளத்தாக்கின் வழியே காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. பிற்பகலில் அது உச்சத்துக்குப் போகும். மேலே ஆயிரம் மீட்டரில் சாதுவாக இருக்கும், கீழே லேண்டிங் மைதானத்தில் 25, 30 கி.மீ. வேகத்தில் அடிக்கும். நடுத்தர விங் ஒன்று பிரேக்கைத் தொடாமல் போகும் வேகமே மணிக்கு 38 கி.மீ. சுமார்தான். எதிர்க்காற்றில் ஏறக்குறைய அந்தரத்தில் நின்றபடி, மரங்களுக்குப் பின்னால் சுழலும் காற்றுக்குள் இறங்க வேண்டியிருக்கும். நால்வரும் காத்திருந்தார்கள். சரியான முடிவு. காத்திருக்கத் தெரியாதவர்கள்தான் கடைசி நாளில் கால் முறிந்து வீடு போகிறார்கள்.

ஐந்தரைக்குக் காற்று தணிந்தது. இருவர் பறக்கவில்லை, காரில் இறங்கிவிட்டார்கள். நம் பைலட்டும் இன்னொருவரும் மட்டும் புறப்பட்டார்கள். பைலட் தரையை விட்டு எழுந்தது 5.48.

மாலைப் பறத்தலின் சுகம் பறந்தவர்களுக்குத் தெரியும். பகல் முழுக்கச் சூடேறிய பள்ளத்தாக்கு அந்தச் சூட்டை மெல்ல விடும்போது காற்று அகலமாக, குலுக்கல் இல்லாமல் தூக்கும். ஏற்ற இறக்கத்தை ஒலியால் சொல்லும் வேரியோ கருவி அடக்கமாகக் கூவிக்கொண்டே இருக்கும். பைலட்டின் பதிவில் கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, ஒரே கோடு. இறங்க மனம் வரவில்லை என்பதை அந்தக் கோடே சொல்கிறது. ‘இத்தனை செலவழித்து வந்திருக்கிறோம், இனி எப்போதோ’ என்ற கணக்கும் உள்ளே ஓடியிருக்கும். போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகள் விழும் படுகுழிகளில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கிறது. பயணத்தின் கடைசி நாளில் அதன் எதிர்ப்பக்கமும் வேலை செய்கிறது, அதாவது கிளம்பவே மனம் வராதது. இரண்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான்.

39 நிமிடம்

கூடப் பறந்தவர் 6.12-க்கு இறங்கினார். நம் பைலட் 6.51-க்கு. இந்த நிகழ்வு முழுவதும் இந்த 39 நிமிடத்தில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

இருவரும் இறங்கியவுடன் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதலாமவர் படத்தில் மைதானத்தின் கிழக்குப் பாதியில் வெயில் இருக்கிறது. அவருடைய நிழல் புல்லின் மேல் நீளமாக விழுந்திருக்கிறது. இரண்டாவது படத்தில் வெயில் எதிர்ச்சரிவின் மேல்பாதிக்குப் போய்விட்டது, மைதானம் நீலம் பாய்ந்து கிடக்கிறது. சூரியன் மறைய இன்னும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்தது. ஆனால் மலை நிழலுக்குப் பஞ்சாங்கக் கணக்கு கிடையாது. நிழல் விழுந்த கணத்திலிருந்து புல் தன் சூட்டைத் தெளிந்த வானத்துக்கு விட ஆரம்பிக்கிறது. காற்றும் அடங்கிவிட்டதால் மேலே உள்ள வெதுவெதுப்பு கீழே கலப்பதில்லை. காற்று குளிர்ந்ததாக நமக்குத் தோன்றுவதற்கு முன்பே புல்நுனி குளிர்ந்து பனி இறங்கிவிடும். செப்டம்பர் இறுதியில் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் இது வெகு வேகமாக நடக்கிறது.

முதலாமவர் 6.30-க்குள் காய்ந்த விங்கை மடித்துவிட்டார். பைலட் இறங்கியபோது ஷூவின் முனை ஈரமாக இருந்ததைப் படத்திலேயே பார்க்கலாம். விங் அந்தப் புல்லில் சாய்ந்தது. அடித்துணி நனைந்தது, விங்கை ஹார்னஸோடு இணைக்கும் கயிறுகளான லைன்கள் நனைந்தன, முன் ஓரத்துத் திறப்புகள் புல் துணுக்குகளை வாரி உள்ளே போட்டுக்கொண்டன. தரையில் கொஞ்சம் காற்று இருந்தால் விங்கைத் தலைக்கு மேல் நிறுத்தி ஐந்து பத்து நிமிடம் ஆட்டியே பாதி ஈரத்தை உதறிவிடலாம். அந்த நேரத்தில் இலைகூட அசையவில்லை.

அந்தப் பறத்தல் தவறா என்று பைலட் என்னிடம் கேட்டார். இல்லை என்றே சொன்னேன். வானிலை நன்றாக இருந்தது, உயரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார், இறங்க வந்த விதம் சுத்தம், சூரியன் மறைவதற்குள் இறங்கியிருக்கிறார். பறத்தலை மட்டும் மதிப்பிட்டால் குறை சொல்ல இடமில்லை. இறங்கும் நேரத்துக்கு அவர் வைத்திருந்த ஒரே எல்லை சூரிய மறைவு என்பதுதான் சிக்கல். மறுநாள் மாலையும் அதே மலையில் இருக்கப்போகிறவருக்கு அந்த எல்லை போதும், காலையில் வெயிலில் விரித்துவிடலாம். மறுநாள் இந்நேரம் இரண்டு நாடு தாண்டியிருக்கப்போகிறவருக்கு எல்லை முன்னதாகவே வந்துவிடுகிறது. மைதானத்தில் நிழல் விழும் நேரம்தான் அது. முதல் நாளே கவனித்து வைத்தால் வார இறுதிவரை பெரிதாக மாறாது.

பை கட்டியதில் அவசரம் தெரிகிறது. முன் ஓரத்துப் பிளாஸ்டிக் குச்சிகளை வரிசையாகச் சேர்த்து நீள உறையில் மடித்தது வரை ஒழுங்கு. பிறகு நனைந்த லைன்களை நடுவே சுருட்டிப் போட்டு, பைக்குள் ஹெல்மெட்டுக்கும் இடம் வேண்டும் என்று ஸ்ட்ராப்பை முழுக்க இறுக்கியிருக்கிறார். ஈரமான துணிக்கு இதைவிடக் கெடுதல் இல்லை. காற்று போக வழியே இல்லாமல் போகிறது. வரும்போது அந்தப் பையின் எடை 18.2 கிலோ. திரும்பும்போது சாமான் சீட்டில் 19.3. வாங்கிச் சேர்த்த பொருள் எதுவும் அதில் இல்லை.

பிறகு இருட்டில் மூன்று மணி நேரம் கார். காலை ஏழு மணியிலிருந்து மேட்டில் காத்திருந்து, பறந்து, அதன்பின் அவரே ஓட்டினார். இந்த முழுத் தொடரிலும் உயிருக்கு ஆபத்தான கட்டம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். பாராகிளைடிங் பற்றிப் பேசும்போது யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. இரவு பதினொன்றுக்கு விடுதி அறை. பை கார் டிக்கியிலேயே இருந்தது. அறைக்குள் கொண்டுவந்து ஸ்ட்ராப்பைத் தளர்த்தி, நாற்காலியிலும் கட்டில் விளிம்பிலுமாக விங்கைப் பரத்திப் போட்டிருந்தால் நான்கு மணி நேரத்தில் முழுக்கக் காயாது, ஆனால் பூஞ்சை பிடிக்கும் நிலையைத் தாண்டியிருக்கும். லைன்களாவது காய்ந்திருக்கும்.

பவர் பேங்க்

காலை நான்கே முக்காலுக்குச் சாமான் சோதனையில் பைலட்டின் பெயரைக் கூப்பிட்டார்கள். எக்ஸ்ரேயில் பவர் பேங்க் தெரிந்திருக்கிறது. 20,000 மில்லி ஆம்பியர்-அவர் கொண்டது, ஹார்னஸின் முன்பக்கக் கருவிப் பையில்.

விதி அவருக்குத் தெரியாமல் இல்லை. லித்தியம் பேட்டரிகளைத் தனியாகவோ பவர் பேங்க்காகவோ சரக்கறைக்குப் போகும் பையில் வைக்கக் கூடாது, கையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாட்-அவர் வரை பொதுவாக அனுமதி கேட்கத் தேவையில்லை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு. அதற்கு மேல் பயணிக்குக் கிடையாது. மில்லி ஆம்பியர் மட்டும் அச்சிட்டிருந்தால் கணக்கு எளிது: 20 ஆம்பியர்-அவரை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-அவர். அளவில் பிரச்சினையே இல்லை, இருந்த இடம்தான் தப்பு. வேரியோ போல் உள்ளேயே பேட்டரி உள்ள கருவிகளுக்கு விதி கொஞ்சம் இளகும். முழுக்க அணைத்து, தானாக ஆன் ஆகாதபடி பாதுகாத்தால் பெரிய பையில் விடுவார்கள். ஆனாலும் கையில் வைத்துக்கொள்வதே மேல்.

தெரிந்த விதி எப்படித் தப்பியது? இது எனக்குச் சுவாரசியமாக இருந்தது. பயணத்தின் ஒவ்வொரு இரவும் அவர் ஹார்னஸிலிருந்து பவர் பேங்கை எடுத்திருக்கிறார், சார்ஜ் போடுவதற்காக. கடைசி இரவு சார்ஜ் போட வேண்டிய அவசியம் இல்லை, மறுநாள் பறத்தல் இல்லையே. இத்தனை நாள் பையைக் காலி செய்துகொண்டிருந்தது விதி பற்றிய ஞாபகமன்று, சார்ஜ் போடும் பழக்கம். பழக்கம் நின்ற அன்றைக்கு ஞாபகம் கைகொடுக்கவில்லை. வீடு திரும்பும் நாளின் பல குளறுபடிகளுக்கு இதே சாயல் உண்டு. பறத்தலைச் சுற்றி அமைந்த சடங்குகள்தான் பொருள்களை அதனதன் இடத்தில் வைத்திருக்கின்றன. பறத்தல் நின்றதும் சடங்கும் நின்றுவிடுகிறது.

பேட்டரியை எடுத்ததோடு முடிந்திருக்கும். சோதனை செய்தவருக்கு இருக்கைக்கு அடியில் இருந்த உருண்டையான பொட்டலம் கண்ணில் பட்டது. என்ன அது? பாராசூட். அந்தச் சொல்லைக் கேட்டதும் முழுப் பையையும் எஃகு மேசையில் கொட்டச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விமானத்திலிருந்து குதிப்பவர்களின் பாராசூட்டில், குறிப்பிட்ட உயரத்தில் தானே இயங்கிக் கயிற்றை வெட்டும் சிறு வெடிமருந்துக் கருவி இருப்பதுண்டு. ராக்கெட்டால் வெளியே தள்ளப்படும் ரிசர்வ்களும் உண்டு. பாராகிளைடரின் ரிசர்வ் பொதுவாகக் கையால் இழுத்து எறிவது. துணி, கயிறு, ரப்பர் பட்டை தவிர அதில் ஒன்றும் இல்லை. இந்த வித்தியாசம் சோதனை மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அமெரிக்காவில் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் பாராசூட்டைத் தனியாகக் கட்டச் சொல்கிறது, திறந்து பார்க்க நேர்ந்தால் உரியவர் கூட நின்று உதவ வேண்டும் என்கிறது, வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னதாக வரவும் சொல்கிறது. எந்த நாட்டுக்கும் பொருந்தும் யோசனை.

சோதனையாளர் கைப்பிடியைப் பிடித்தார். பைலட் “இழுக்காதீர்கள்” என்று கையை நீட்டித் தடுத்தார். அதற்குள் கைப்பிடி இரண்டு விரல் அளவு நகர்ந்துவிட்டது. விளக்கம் சொல்லி முடிந்து, பையைத் திரும்பக் கட்டச் சொன்னபோது சாமான் ஏற்பது நிற்க இருபது நிமிடம்தான் இருந்தது. கைப்பிடியைத் தள்ளி உள்ளே வைத்து வெல்க்ரோவை அழுத்தினார். பின்கள் உள்ளே போனது மாதிரி தெரிந்தது. ஹார்னஸைத் தொங்கவிட்டு, மூடியைத் திறந்து, ஒவ்வொரு பின்னும் வளையத்துக்குள் முழு நீளத்துக்குப் போயிருக்கிறதா, கைப்பிடிக்கும் பின்னுக்கும் நடுவே உள்ள நாடாவில் தளர்வு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். விடியற்காலையில், நான்கு மணி நேரத் தூக்கத்தில், பின்னால் வரிசை நிற்கும் மேசையில் அந்த இரண்டு நிமிடம் கிடைக்காது. ‘வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நினைத்தார். நியாயமான நினைப்பு. ஆனால் அது நினைப்பாகவே இருந்தது. ஹார்னஸின் மேல் அதற்கு எந்த அடையாளமும் வைக்கவில்லை. ஐந்து வாரம் கழித்து அதை மாட்டிக்கொண்டவர் வேறொரு ஆள் மாதிரிதான்.

குழுவில் பறக்காமல் காரில் இறங்கிய ஒருவர் பை கட்டும் முன் ரிசர்வ் பின்களைப் படம் எடுத்து வைக்கும் வழக்கம் உள்ளவர். பை யார் கையில் பட்டாலும், அடுத்த முறை திறக்கும்போது படத்தோடு ஒத்துப்பார்ப்பார். எனக்குப் பிடித்த முறை. கைப்பிடிக்குக் குறுக்கே டேப் ஒட்டுகிறவர்களும் உண்டு. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நழுவிய பூட்டுப் பின்னாவது வெளியே தெரியும். பிரிக்க மறந்த டேப், ரிசர்வைத் தேடி இழுக்கும் அந்த ஒரு நாளில்தான் தெரியவரும். திறந்து பார்க்கப்பட்ட ஹார்னஸில் விங்கை மாட்டும் கொக்கியான காரபைனரில் ஒரு கலர் துணியைக் கட்டி விட்டால் போதும், அதை அவிழ்க்காமல் விங்கை மாட்ட முடியாது.

ஐந்து வாரம்

சோதனையில் தாமதமான பை இணைப்பு விமானத்தைத் தவறவிட்டது. மூன்று நாள் கழித்து வீட்டு வாசலுக்கு வந்தது. பைலட் கையெழுத்துப் போட்டு வாங்கி, ஒட்டிய சீட்டோடு அப்படியே அலமாரியில் ஏற்றினார். வேலை குவிந்திருந்தது, பறக்கும் பருவம் முடிந்திருந்தது. பயிற்சிச் சரிவில்தான் பையைத் திறந்தார். மக்கிய வாடை அடித்தது, காற்றில் போய்விடும் என்று விட்டுவிட்டார். விங்கை உதறியபோது வேற்று நாட்டுப் புல்லும் விதையும் கொட்டின.

விதை கொட்டியது வேடிக்கையாகத் தெரியலாம். நியூசிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ போய் இறங்கியிருந்தால் வேடிக்கையாக இருந்திருக்காது. இரண்டு நாடுகளும் கடந்த 30 நாளில் பண்ணை, கால்நடை, காடு பக்கம் போனீர்களா என்று வருகைப் படிவத்தில் கேட்கின்றன. மண்ணும் விதையும் ஒட்டிய வெளியிடச் சாமான்களை அறிவிக்காமல் கொண்டுபோய் மாட்டிக்கொண்டால் நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். மாட்டு மேய்ச்சல் நிலத்தில் இறங்குவதே நம் வழக்கம் என்பதால் ஷூ அடியும் விங்கின் பின் ஓரமும் ஊர் திரும்பும் முன் சுத்தமாக வேண்டும். பின் ஓரத்தில் வெல்க்ரோ வைத்த திறப்புகள் எதற்கு இருக்கின்றன என்று யோசிக்காதவர்கள் உண்டு, இதற்குத்தான். இதே வகையில் இன்னொன்று: இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாகப் பேசும் சாட்டிலைட் மெசஞ்சர் மலையில் உயிர் காக்கும், ஆனால் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். வேறு சில நாடுகளிலும் தடை உண்டு. நேராக வீடு போகும் வழியில் விமானம் மாறும் நாட்டின் விதியையும் பார்க்க வேண்டும்.

விங்குக்கு வருவோம். நைலான் துணியின் மேல் காற்று புகாதபடி மெல்லிய பூச்சு இருக்கிறது. ஈரமும் சூடும் சேர்ந்தால் பாலியூரித்தேன் பூச்சு மெல்லச் சிதைகிறது. சூடான கிடங்கு, வெயிலில் நிற்கும் சாமான் வண்டி, மூடிய அலமாரி எல்லாம் அதற்கு ஒத்துழைக்கும். பட்டறை அறிக்கையின்படி துணி தப்பித்தது, காற்றுக் கசிவு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருந்தது. பின் ஓரத்தில் சில அறைகளுக்குள் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை. கறை போகாது, பறப்பதற்குத் தடையில்லை.

தப்பிக்காதவை லைன்கள். பாராகிளைடரின் எடையில் பெரும்பங்கை முன்வரிசை லைன்கள் சுமக்கின்றன. பறக்கும் ஒவ்வொரு மணியும் அவை இழுபட்டு நீளம் காக்கின்றன. பின்வரிசைக்குச் சுமை குறைவு. டைனீமா என்ற செயற்கை இழையாலான லைன் நனைந்து, இழுவிசை இல்லாமல் சுருண்டு கிடந்து காய்ந்தால் சுருங்கும். பின்வரிசை சுருங்கினால் விங்கின் பின்பகுதி கீழே இழுபட்டு, காற்றைச் சந்திக்கும் கோணம் கூடுகிறது. வேகம் குறைகிறது. தரையில் தூக்கும்போது பின்னாலேயே தங்குகிறது. வானத்தில் போனால் முன்னோக்கிப் பறக்காமல் செங்குத்தாக அமிழும் நிலைக்கு நெருங்குகிறது. சரிவில் அவர் பார்த்தது இந்த அறிகுறிதான், காற்றுக் குறைவு இல்லை. அளந்தபோது பின்வரிசையான சி வரிசை 18 முதல் 24 மி.மீ. வரை குட்டையாக இருந்தது.

இந்தப் பழியை ஐந்து வார ஈரத்தின் தலையில் மட்டும் கட்ட மாட்டேன். விங் வாங்கி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது, ஒருமுறைகூட லைன் அளக்கவில்லை. அந்தச் சுருக்கத்தில் ஒரு பகுதி பயணத்துக்கு முன்பே இருந்திருக்கும். ஆனால் பயணத்தின் எந்த நாள் பதிவிலும் டேக்-ஆஃபில் விங் பின்தங்கியதாகத் தெரியவில்லை. மேட்டில் கூட இருந்தவர்கள் எடுத்த காணொளிகளில் அது ஒழுங்காகவே எழும்புகிறது. எல்லையில் இருந்ததை ஈரம் எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டது என்பதே பொருந்துகிறது.

ரிசர்வும் ஈரம் பூத்திருந்தது. நனையவில்லை, ஹார்னஸோடு ஒரே பைக்குள் நனைந்த விங்குக்குப் பக்கத்தில் கிடந்ததால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அப்படி ஒட்டிய பாராசூட் விரியத் தாமதிக்கும். ஆக அன்றைக்கு அந்தச் சரிவில் நின்ற கருவித்தொகுதியில் விங் மெதுவாகப் பறக்கும், தானாக அமிழக்கூடும், அமிழ்ந்தால் எறிய வேண்டிய ரிசர்வ் தாமதமாக விரியும், எறியும் முன்பே கழன்று விழவும் கூடும். பறந்துகொண்டிருக்கும்போது ரிசர்வ் தானாக விரிந்தால் விங்கும் பாராசூட்டும் எதிரெதிராக இழுத்து, இரண்டும் பக்கவாட்டில் விலகி, இரண்டும் தாங்காத நிலை வரலாம். இதில் எதுவும் மலையில் பறந்தபோது ஆபத்தான அளவில் இல்லை. எல்லாம் வீடு திரும்பும் வழியிலும் அலமாரியிலும் சேர்ந்தது.

எங்கே வெட்டியிருக்கலாம்

கடைசி நாள் பறக்கவே கூடாது என்று சொல்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சட்டம் போட்டால் அதற்கு முந்தின நாள் கடைசி நாளாகிவிடும், அவ்வளவுதான். சாமான் ஏற்பது நிற்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவது பயன்படும். சோதனைக்கு ஒரு மணி நேரம் கூடுதல், அதற்கு முன் உருப்படியான தூக்கம், அதற்கு முன் கார், அதற்கு முன் காய்ந்த விங்கை மடிக்க ஒரு மணி நேரம். இந்த நிகழ்வில் அப்படி எண்ணினால் லேண்டிங் நேரம் ஏறக்குறைய நான்கு மணிக்கு வந்து நிற்கிறது. அன்று நான்கு மணிக்குக் காற்று விடவில்லை. ஆகவே பறந்தால் விங் ஈரமாகத்தான் போகும் என்பது மேட்டிலேயே தெரிந்திருக்கும். தெரிந்து பறப்பதில் தப்பில்லை. இறங்கியவுடன் ஸ்ட்ராப்பை இறுக்காமல் பெரிய தளர்ந்த பையில் விங்கை அள்ளிப் போட்டு, விடுதியில் பரத்தி, வீட்டில் இறங்கிய அன்றே நிழலில் கொடி கட்டித் தொங்கவிட ஏற்பாட்டோடு பறந்திருப்பார். ஹீட்டர், ஹேர் டிரையர் எல்லாம் வேண்டாம், சூடு லைனுக்கு ஈரத்தைவிடப் பகை.

6.12-க்கு இறங்கியவரும் மேட்டில் இதையெல்லாம் எண்ணவில்லை. குளிர் எடுத்தது, இறங்கிவிட்டேன் என்றார்.

பட்டறையில் சி வரிசையைச் சுமை ஏற்றி இழுத்துக் கொஞ்சம் மீட்டார்கள். மீதியை, லைன்கள் வந்து சேரும் பட்டையான ரைசரில் சேரும் இடத்துச் சுற்றுகளைத் தளர்த்திச் சரிசெய்தார்கள். ரிசர்வைப் பிரித்து ஆறவிட்டு மறுபடி மடித்தார்கள். இதற்கான செலவை விமான நிறுவனத்திடம் கேட்கலாமா என்பது பைலட்டின் கடைசிக் கேள்வி. பன்னாட்டுப் பயணச் சாமான்களுக்குப் பெரும்பாலான நாடுகளில் 1999-ம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கைதான் சட்டம். இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு, 2024 டிசம்பர் 28 முதல் பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு). சேதம் என்றால் பை கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தாமதம் என்றால் 21 நாளுக்குள். அவர் பையைத் திறந்தது ஐந்தாவது வாரத்தில். 7 நாளுக்குள் திறந்திருந்தாலும் வழக்கு நிற்பது சந்தேகம்தான். சாமானின் சொந்தக் குறையால் வந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்று அதே உடன்படிக்கையின் 17-வது பிரிவு சொல்கிறது. ஈரம் ஏறியது விமானத்தில் இல்லை. அதற்கு 19.3 என்று எடை போட்ட சீட்டே சாட்சி. பைலட் பட்டறைக்குத் தன் கையிலிருந்து பணம் கட்டினார்.